எந்த அமிலம் என்று கேளுங்கள்: உடல் அமிலத்தன்மை பற்றிய பேச்சை எடைபோடும் முறை

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ மூட்டுவலியோ உள்ள ஒருவர் வீட்டில் இருந்தால், "உடம்பில் அமிலம் கூடிவிட்டது, அதுதான் எல்லா நோய்க்கும் வேர், உடம்பைக் காரத்தன்மைக்கு மாற்றினால் மாத்திரையே வேண்டாம்" என்று சொல்லும் ஒருவர் ஏதாவது ஒரு நாள் அந்த வீட்டுப் படியேறுவார். அவர் உறவினராக இருக்கலாம், தண்ணீர் இயந்திரம் விற்பவராக இருக்கலாம், முகாம் நடத்தும் வைத்தியராக இருக்கலாம். பலர் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் எதைக் கொள்ளலாம், எதைத் தள்ள வேண்டும், எதைக் கேட்டவுடன் எச்சரிக்கையாக வேண்டும் என்பதை வீட்டார் தாமே பிரித்துப் பார்க்கும் முறையை இங்கே எழுதுகிறேன். முப்பது ஆண்டுகள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்தியவன் நான், மருத்துவன் அல்லன். ஆனால் அமிலமும் காரமும் என் வகுப்பறைச் சொற்கள் என்பதாலும், அவற்றைத் தவறாகப் புரிந்துகொண்டதால் எங்கள் குடும்பத்தில் ஒருவர் எமன் வாசல்வரை போய்த் திரும்பினார் என்பதாலும் இதை எழுதும் கடமை எனக்கு இருக்கிறது.

முதலில் சொல்லைச் சரிசெய்துகொள்ள வேண்டும். தமிழில் காரம் என்றால் நம் நாக்குக்கு முதலில் வருவது மிளகாய்தான். "காரத்தன்மை உள்ள உணவு சாப்பிடுங்கள்" என்று கேட்டுவிட்டு, வயிற்றுப் புண் உள்ள மூதாட்டி ஒருவர் மிளகாயைக் கூட்டிக்கொண்டதை நானே பார்த்திருக்கிறேன். இங்கே பேசப்படுவது அந்தக் காரம் அன்று. சவுக்காரம், வெங்காரம் என்னும் சொற்களில் இருக்கும் காரம், அதாவது சுண்ணாம்பும் சமையல் சோடாவும் சேர்ந்த இனம். அதேபோல் அமிலம் என்பது நாக்கில் தெரியும் புளிப்பு மட்டும் அன்று. எலுமிச்சம்பழம் புளிக்கிறது, அதன் சாறு அமிலம்தான். ஆயினும் உடம்பைக் காரமாக்கச் சொல்பவர்கள் கொடுக்கும் உணவு அட்டவணையில் அது காரப் பொருளாக எழுதப்பட்டிருக்கும். ஏன் அப்படி என்பதற்குக் கீழே வருகிறேன்.

அடுத்து, சொல்பவரிடம் ஒரே ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: "நீங்கள் சொல்லும் அமிலம் உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது?" இதற்குத் தெளிவான விடை வராவிட்டால் மேற்கொண்டு கேட்பதில் பயனில்லை, ஏனெனில் உடம்பு முழுவதற்கும் பொதுவான ஓர் அமில அளவு என்று எதுவும் கிடையாது. அமில கார அளவைக் குறிக்கும் பி.எச். எண்ணில் 7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இரைப்பையில் அந்த எண் ஏறக்குறைய 1.5 முதல் 3.5 வரை, தோலின் மேற்பரப்பில் 5 அளவில், சிறுநீரில் நேரத்துக்கு நேரம் 4.5 முதல் 8 வரை, ரத்தத்தில் மட்டும் 7.35 முதல் 7.45 என்னும் மெல்லிய இடைவெளியில் நிற்கிறது. இரைப்பை அமிலமாகத்தான் இருக்க வேண்டும். தோலும் அமிலமாக இருந்தால்தான் கிருமியைத் தடுக்கும். ரத்தமோ யாரும் மாற்றாமலே இயல்பிலேயே சற்றுக் காரமானது. "யூரிக் ஆசிட்" என்று பரிசோதனைச் சீட்டில் வருவது இவை எதிலும் சேராத வேறொரு பொருள். அது ரத்தத்தில் மிகுந்தால் படிகமாகி மூட்டில் தங்கி வலி தரும். அந்த எண் கூடியிருப்பதைக் காட்டி "ரத்தம் அமிலமாகிவிட்டது" என்று யாராவது சொன்னால், அவர் இரண்டையும் குழப்புகிறார் என்று அறிந்துகொள்ளலாம்.

ரத்தம் எப்படி அந்த மெல்லிய இடைவெளியில் நிற்கிறது என்பதை அடுப்படியிலேயே செய்து பார்க்கலாம். ஆரத்தி கரைக்கும்போது மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அந்த மஞ்சள்தான் இங்கே நமக்குக் கருவி. ஒரு கண்ணாடிக் குவளையில் மஞ்சள் கரைத்த தண்ணீர் எடுத்துத் தெளிந்த சுண்ணாம்பு நீரைச் சில சொட்டுகள் மட்டும் விடுங்கள், செக்கச்செவேலென்று ஆகும். இன்னொரு குவளையில் அதே மஞ்சள் நீரில் ஒரு தேக்கரண்டி சமையல் சோடாவைக் கரையுங்கள். அவ்வளவு சிவப்பாக வராது, செம்மஞ்சளாக நிற்கும். இப்போது இரண்டிலும் எலுமிச்சைச் சாற்றைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். மிகவும் சிவந்திருந்த சுண்ணாம்புக் குவளை சில சொட்டுகளிலேயே மஞ்சளுக்குத் திரும்பிவிடும். வெளிறியிருந்த சோடாக் குவளையோ பொங்கிப் பொங்கி, ஒன்றன்பின் ஒன்றாகச் சாற்றை விழுங்கிக்கொண்டே நெடுநேரம் நிறம் மாறாமல் இருக்கும். நிறம் காட்டுவது பி.எச். எண்ணை, தாங்கும் வலிமை என்பது வேறு. நம் ரத்தத்தில் இருப்பது இந்தச் சோடாவின் பைகார்பனேட்டேதான், லிட்டருக்கு ஏறக்குறைய 22 முதல் 28 மில்லிமோல். அந்தக் குவளையில் பொங்கிய கரியமில வாயுவை உடம்பில் நுரையீரல் மூச்சாக வெளியே தள்ளுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மீண்டும் உண்டாக்கிக் கொடுக்கிறது. ஒரு நாளில் நாம் மூச்சில் விடும் கரியமில வாயு ஏறக்குறைய ஒரு கிலோ. அதை அமிலக் கணக்கில் வைத்துப் பார்த்தால், நாம் உண்ணும் உணவால் உண்டாகும் அமிலம் அதில் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆகவே நல்ல நுரையீரலும் நல்ல சிறுநீரகமும் உள்ளவருக்குச் சாப்பாட்டால் ரத்தம் அமிலமாவதும் இல்லை, சாறு குடித்து அது காரமாவதும் இல்லை. மாறுவது சிறுநீர் மட்டும்தான். அது மாறுவதே, சிறுநீரகம் தன் வேலையைச் செய்து மிச்சத்தை வெளியே தள்ளுகிறது என்பதற்கு அடையாளம். சிறுநீரில் காகிதப் பட்டையை நனைத்து, "பாருங்கள், உடம்பே மாறிவிட்டது" என்று காட்டுபவர் குப்பைத் தொட்டியைப் பார்த்துவிட்டு வீடு முழுவதையும் கணிக்கிறார்.

இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் எலுமிச்சைப் புதிரும் அவிழும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உணவுப் பொருள்களை எரித்துச் சாம்பலாக்கி, அந்தச் சாம்பல் அமிலமா காரமா என்று ஆய்வுக்கூடங்களில் பார்த்தார்கள். எலுமிச்சையின் புளிப்பு எரிந்துபோய்விடும், பொட்டாசியம் சாம்பலில் தங்கும், சாம்பல் காரமாக இருக்கும். ஆகவே அது காரப் பொருள். தானியம், முட்டை, மீன், இறைச்சி பெரும்பாலும் அமிலச் சாம்பல் தருபவை. அந்த அட்டவணைகள் சிறுநீரின் தன்மையை முன்கூட்டிச் சொல்ல இன்றும் உதவுகின்றன. யூரிக் அமிலக் கல் உள்ளவருக்குச் சிறுநீரைக் காரமாக்க மருத்துவர்களே பொட்டாசியம் சிட்ரேட் மருந்து தருவதும் இதே வழியில்தான். பிழை எங்கே நேர்ந்தது என்றால், சிறுநீரைப் பற்றிய அட்டவணையை ரத்தத்துக்கும் எலும்புக்கும் புற்றுநோய்க்கும் நீட்டியதில். அமில உணவு எலும்பைக் கரைக்கிறது என்ற கருத்தை 2009, 2011 ஆண்டுகளில் வந்த தொகுப்பாய்வுகள், அதாவது பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தவை, ஆதரிக்கவில்லை. கார உணவோ காரத் தண்ணீரோ புற்றுநோயைத் தடுக்கும், குணமாக்கும் என்பதற்குத் தக்க சான்று இல்லை என்று 2016இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு சொன்னது.

புற்றுநோய் பற்றிப் பேசும்போது ஓட்டோ வார்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞரின் பெயரைக் கட்டாயம் சொல்வார்கள். அவர் 1931இல் நோபல் பரிசு பெற்றது உண்மை. ஆனால் அது செல்கள் மூச்சுவிட உதவும் நொதியைப் பற்றிய கண்டுபிடிப்புக்கு. புற்றுக்கட்டியின் செல்கள் சர்க்கரையை வேறு வழியில் எரித்து லாக்டிக் அமிலத்தைக் கக்குகின்றன என்று அவர் கண்டார். கட்டியைச் சுற்றி அமிலம் சேர்வது நோயின் விளைவே தவிர, நோயின் காரணம் அன்று. அமிலமே நோய்க்குக் காரணம் என்ற கருத்தை வைத்து அமெரிக்காவில் பெரும்பேர் பெற்ற இராபர்ட் யங் என்பவர், உரிமமின்றி மருத்துவம் பார்த்த குற்றத்துக்காக 2016இல் கலிபோர்னியாவில் தண்டனைக்குரியவர் என்று தீர்ப்பளிக்கப்பட்டு, 2017இல் மூன்று ஆண்டு எட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றார். அவருடைய கருத்துகள்தான் பெயர் தெரியாமலே பல மொழிகளைக் கடந்து நம் கைப்பேசிக்கு வந்துசேர்கின்றன.

தண்ணீரைப் பற்றி நம் மாவட்டத்துக்காரர்கள் வேறு யாரையும்விடக் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். காரத் தண்ணீர் நோயைத் தீர்க்கும் என்பது உண்மையானால், பென்னாகரம் பக்கத்திலும் பாலக்கோடு பக்கத்திலும் போர் தண்ணீர் குடித்து வளர்ந்த எங்கள் தலைமுறை நோயே அறியாததாக இருந்திருக்க வேண்டும். இங்குள்ள கருங்கல் பாறைகளில் ஃபுளோரைடு கலந்த கனிமங்கள் உண்டு. நிலத்தடி நீர் காரமாகவும், பைகார்பனேட் மிகுந்தும், கால்சியம் குறைந்தும் இருக்கும்போதுதான் அந்த ஃபுளோரைடு பாறையிலிருந்து எளிதாகக் கழன்று நீரில் தங்குகிறது. நம் பிள்ளைகளின் பல்லில் பழுப்புப் பட்டை விழுந்ததும், பெரியவர்களின் முதுகும் முழங்காலும் விறைத்ததும் அதனால்தான். அதற்காகவே காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் குடிநீர் மற்றும் ஃபுளோரைடு பாதிப்புக் குறைப்புத் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு அமைக்கப்பட்டு 2013இல் பயன்பாட்டுக்கு வந்தது. பி.எச். எண் கூடியிருப்பது மட்டுமே தண்ணீரின் நன்மைக்குச் சான்றாகாது என்பதை நம் கிணறுகளே நமக்குக் காட்டியிருக்கின்றன.

ஆகையால் தண்ணீர் இயந்திரத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன், வீட்டில் குடிப்பது ஒகேனக்கல் தண்ணீரா போர் தண்ணீரா என்று பாருங்கள். போர் தண்ணீர் என்றால், ஒரு லிட்டரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் ஃபுளோரைடு அளவைக் கேட்டுச் சோதியுங்கள். இந்தியத் தரநிர்ணயத்தின்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீரே கிடைக்காத நிலையில் 1.5 வரை பொறுக்கலாம். காய்ச்சினால் ஃபுளோரைடு போகாது; நீர் ஆவியாகக் குறையக் குறைய அது செறியும். குடிநீரின் பி.எச். 6.5 முதல் 8.5 வரை இருக்க வேண்டும் என்பதும் அதே தரநிர்ணயம்தான், 9, 9.5 என்று பெருமையாகச் சொல்லி விற்கப்படும் நீர் அந்த வரம்பைத் தாண்டியது. விற்பவர் நிறம் காட்டும் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் மஞ்சளாகவும் தம்முடைய நீர் ஊதாவாகவும் மாறுவதைக் காட்டுவார். ஆர்.ஓ. நீரில் உப்புகள் மிகக் குறைவு என்பதால் காற்றிலுள்ள சிறிது கரியமில வாயு பட்டாலே அது சற்று அமிலமாகும். அந்த ஊதா நீரிலும் ஓர் உறிஞ்சுகுழல் வைத்துச் சிறிது நேரம் மூச்சை ஊதச் சொல்லுங்கள், நிறம் இறங்கும். உங்கள் மூச்சுக்கே மாறிவிடும் நீர், இரைப்பையின் அமிலத்தில் விழுந்தபின் என்ன ஆகும் என்று தனியாக விளக்க வேண்டியதில்லை.

இப்போது எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். என் அக்காவின் கணவர், மாமா என்று அழைப்போம், விவசாயி. பல ஆண்டுகளாகச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு இரண்டும் உண்டு, சிறுநீரகமும் சற்றுத் தளர்ந்திருந்தது. ஒரு முகாமுக்குப் போய்விட்டு வந்து, "ஒடம்புல ஆசிட் ஏறிப் போச்சாம் மாப்ளே, பச்சைச் சாறு குடிச்சா எறங்கிருமாம்" என்றார். காய்கறியும் இளநீரும்தானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். காலையில் கீரைச் சாறு, பகலில் இரண்டு இளநீர், மாலையில் வாழைத்தண்டுச் சாறு என்று மூன்று வாரம் போயிற்று. ஒரு விடியற்காலை கால் இரண்டும் தளர்ந்து எழுந்திருக்க முடியாமல் போனார். நாடி மிக மெதுவாக இருந்தது. மருத்துவமனையில் ரத்தத்தில் பொட்டாசியம் 6.8 என்றார்கள். இயல்பான அளவு 3.5 முதல் 5 வரை. அதற்கு மேல் ஏற ஏற, இதயம் முன்னறிவிப்பின்றி நின்றுவிடக்கூடும். நேரத்தோடு போனதால் பிழைத்தார்.

காய்கறியையும் இளநீரையும் காரப் பொருளாக்குவதே அந்தப் பொட்டாசியம்தான். 100 மில்லி இளநீரிலேயே ஏறக்குறைய 200 முதல் 250 மில்லிகிராம் இருக்கும். நல்ல சிறுநீரகம் அதைத் தள்ளிவிடும். தளர்ந்த சிறுநீரகத்தால் முடியாது. டெல்மிசார்டன், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் போன்ற ரத்தக் கொதிப்பு மாத்திரைகளும் பொட்டாசியத்தை உடம்பில் தங்கவைப்பவை என்பதால், சிறுநீரகம் தளர்ந்தவர் அவற்றையும் சாப்பிட்டுக்கொண்டு சாறும் குடித்தால் ஆபத்து பெருகும். எனவே யாராவது கார உணவுமுறை தொடங்குவதாக இருந்தால், தொடங்குவதற்கு முன்பே ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், பொட்டாசியம் இரண்டையும் பார்த்துவிட வேண்டும். சிறுநீரக நோய் உள்ளவர்கள் காயைச் சிறிதாக நறுக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்த நீரை வடித்துக் கொட்டிவிட்டுச் சமைப்பது நல்லது. பொட்டாசியத்தில் ஒரு பகுதி நீரோடு போய்விடும். நட்சத்திரப் பழத்தை அவர்கள் தொடவே கூடாது. அதிலுள்ள நஞ்சு மூளையைத் தாக்கும்.

சிறுநீரகம் நன்றாக உள்ளவர்களுக்கு அந்த உணவுமுறையில் கொள்ளத்தக்கது நிறைய உண்டு. கீரை, அவரை, முள்ளங்கி, சுரைக்காய் கூடுவதும், உப்பும் எண்ணெய்ப் பலகாரமும் இனிப்புப் பானமும் குறைவதும் ரத்தக் கொதிப்புக்கு நல்லது என்பது 1997இல் அமெரிக்காவில் வெளியான ஆய்விலும் அதன்பின் வந்த ஆய்வுகளிலும் உறுதிப்பட்டிருக்கிறது. அந்த நன்மை பொட்டாசியத்திலிருந்தும், நார்ச்சத்திலிருந்தும், உப்புக் குறைவதிலிருந்தும் வருகிறது. ரத்தம் காரமாவதிலிருந்து அன்று. காரணம் தவறாக இருந்தால் என்ன, பலன் சரிதானே என்று சிலர் கேட்பார்கள். காரணம் தவறாக இருந்தால் அட்டவணை நம்மைத் தவறான இடத்துக்கும் கூட்டிப்போகும். பழங்கள் எல்லாம் காரம் என்று எழுதியிருப்பதை நம்பி, கிருஷ்ணகிரி மாம்பழக் காலத்தில் சர்க்கரை நோயாளி நாளுக்கு மூன்று பழம் சாப்பிடுவார். தானியம் அமிலம் என்று கேழ்வரகுக் களியை ஒதுக்குவார். 100 கிராமில் ஏறக்குறைய 350 மில்லிகிராம் கால்சியம் தரும் அந்தத் தானியம், குடலில் ஃபுளோரைடு சேர்வதைக் குறைக்க உதவுவது என்பதால் நமக்கு மிகவும் வேண்டியது. முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு முதியவர்கள் சதை வற்றிப்போவதும் இதனால்தான்.

சமையல் சோடாவைத் தண்ணீரில் கலந்து தினமும் குடிக்கச் சொன்னால், அதை மறுத்துவிடுங்கள். ஒரு தேக்கரண்டியில் ஏறக்குறைய 1,300 மில்லிகிராம் சோடியம் உண்டு. ஒரு நாள் முழுவதற்கும் 2,000க்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ரத்தக் கொதிப்பும் இதய நோயும் உள்ளவருக்குக் காலில் வீக்கமும் மூச்சுத்திணறலும் வரலாம். சுண்ணாம்புத் தெளிவை மருந்தென்று நாள்தோறும் குடிப்பதும் கால்சியத்தை ஏற்றிச் சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும்.

நெஞ்செரிச்சலையும் புளித்த ஏப்பத்தையும் "உடம்பு அமிலமாகிவிட்டதன் அறிகுறி" என்று சொல்வார்கள். அது இரைப்பை அமிலம் உணவுக்குழாய்க்கு ஏறுவது மட்டுமே. வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமியும், வலி மாத்திரைகளும்தான். அந்தக் கிருமியைக் கண்டறிந்ததற்காக பாரி மார்ஷல், இராபின் வாரன் இருவரும் 2005இல் நோபல் பரிசு பெற்றார்கள். மலம் கறுத்துப் போனாலோ, விழுங்கும்போது அடைத்தாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ சோடாவைத் தேடாமல் மருத்துவரிடம் போக வேண்டும்.

ரத்தம் உண்மையிலேயே அமிலமாகும் நோய்களும் உண்டு, அவற்றை மறைப்பது நேர்மையாகாது. நாட்பட்ட சிறுநீரக நோயில் பைகார்பனேட் குறையும். அப்போது மருத்துவர் அளவு பார்த்துச் சோடியம் பைகார்பனேட் மாத்திரை தருவார், சிலருக்கு உணவையும் அதற்கேற்ப மாற்றுவார். யாராவது "அமிலம்" என்று அச்சுறுத்தினால், ரத்தத்தில் பைகார்பனேட் எவ்வளவு என்று ஒரு முறை பார்த்துவிட்டால் போதும். எண் இயல்பாக இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. இன்னொன்று கொடியது. இன்சுலின் போடுபவர் அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் பெருகி, ஒன்றிரண்டு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகும். மாத்திரையும் ஊசியும்தான் அமிலத்தை உண்டாக்குகின்றன என்று நம்பி இன்சுலினை விட்டவருக்கு உண்மையான அமிலம் வருவதுதான் இதில் பெரிய கொடுமை. வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேகமான மூச்சு, மூச்சில் பழவாடை, மயக்கம் ஆகியவற்றைக் கண்டால் எதையும் குடிக்கக் கொடுத்துக்கொண்டு நேரம் கடத்தாமல் 108ஐ அழைக்க வேண்டும்.

மாற்று வைத்தியத்தை முயன்றே தீர வேண்டும் என்று வீட்டுப் பெரியவர் விரும்பினால், அவரோடு சண்டையிடுவதைவிட ஓர் உடன்பாட்டுக்கு வருவது நல்லது. எங்கள் வீட்டில் இப்போது செய்வது இதுதான். மாத்திரை எதுவும் நிற்காது. புதிதாக உண்பது, குடிப்பது எல்லாம் ஒரு நோட்டில் தேதியோடு எழுதப்படும். தொடங்கும் முன்னும், ஒன்றிரண்டு வாரத்திலும், பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியிலும் சர்க்கரை, ரத்த அழுத்தம், கிரியாட்டினின், பொட்டாசியம் பார்க்கப்படும். 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வரும்போது, அந்த நோட்டை அவரிடமும் காட்டுகிறோம். மருத்துவரிடம் போகும்போது, திட்டுவார் என்று அஞ்சிச் சாறு குடிப்பதை மறைக்கக் கூடாது. "ஐயா, இன்னதைக் குடிக்கிறார், இவருடைய மாத்திரையோடு அது சேருமா, பொட்டாசியம் பார்க்க வேண்டுமா" என்று கேட்டால் பெரும்பாலான மருத்துவர்கள் பொறுமையாகவே விடை சொல்கிறார்கள். மாமாவின் நோட்டில் முதல் பக்கத்தில் அவர் சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களும், அதற்குக் கீழே சிவப்பு மையில் "இளநீர், வாழைத்தண்டுச் சாறு கூடாது" என்பதும் என் அக்காவின் கையெழுத்தில் இருக்கின்றன.